குலப்பெருமையும் மணவினையும்: வன்னிக் கதைகள் காட்டும் வரலாறு

வன்னிநாடு தன் தோற்றத்தைப் பற்றிக் கூறிக்கொள்ளும் பழங்கதை ஒரு திருமணத்தில் தொடங்குகின்றது. யாழ்ப்பாணத்து மன்னன் ஒருவனுக்கு மதுரையிலிருந்து அரசிளங்குமரி ஒருத்தி மணமகளாக வந்தாள் என்றும், அவளுக்குத் துணையாக அறுபது வன்னியர் உடன்வந்தனர் என்றும், அவர்களே பின்னர் அடங்காப்பற்றை ஆளும் உரிமை பெற்றனர் என்றும் பழைய நூல்கள் கூறும். வையாபாடலிலும் யாழ்ப்பாண வைபவமாலையிலும் இக்கதை காணப்படுகின்றது. இதனை நடந்தது நடந்தவாறே கூறும் வரலாறாகக் கொள்ளுதல் இயலாது. ஆயினும், மக்கள் எதனைப் பெருமையெனக் கருதினர் என்பதற்கு இது நல்ல சான்றாகும். மதுரையிற் பெண்கொண்டமை மன்னனுக்குப் பெருமை. அம்மணத்திற்குத் துணைவந்தமை வன்னியர்க்குப் பெருமை. மணமகளின் விருப்பம் யாதென்பதைக் கதை கேட்கவுமில்லை, கூறவுமில்லை.

கதை விட்ட இவ்விடத்தைச் சட்டமும் நிரப்பவில்லை. ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில், 1707ஆம் ஆண்டில், யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காறுகள் தேசவழமை என்னும் பெயரால் தொகுக்கப்பட்டன. முதுசொம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்து அதில் மூவகையாகப் பகுக்கப்பட்டது. சீதனம் பெற்று மணம் முடித்த மகள் பெற்றோரின் எஞ்சிய சொத்தில் மேலும் பங்கு கோருதல் பொதுவாக இயலாது. ஆகவே, ஒரு பெண்ணுக்குக் கிடைக்கக்கூடிய காணியும் பொருளும் மணநாளன்றே முடிவாயின. அந்நாள் இரு குடும்பங்களும் தத்தம் நிலையை ஊரறிய எடுத்துக்காட்டும் நாளாயிற்று. கொடுத்த சீதனம் பெண் வீட்டாரின் தகுதிக்கு அளவுகோல். வாங்கிய சீதனம் மாப்பிள்ளை வீட்டாரின் தகுதிக்கு அளவுகோல்.

தமிழில் நாவல் பிறந்தபோதே இப்பொருள் அதனுடன் பிறந்துவிட்டது. மாயூரம் வேதநாயகம்பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல் வெளிவந்தது. அதில் பிரதாபனும் ஞானாம்பாளும் மணப்பதற்குத் தடையாக நின்றது அவர்களுடைய மனமன்று. மணமக்கள் எவர் வீட்டில் வாழ்வது என்பதில் பெரியோர் கொண்ட பிடிவாதமே தடையாயிற்று. ஆங்கிலத்தில் ஜேன் ஆஸ்டின் 1813இல் வெளியிட்ட நாவலில், சார்லட் என்னும் பெண் தான் மதியாத ஒருவரை, வீடும் நிலையும் கிடைக்கும் என்பதற்காகவே மணக்கின்றாள். நாடும் மொழியும் வேறாயினும் நோய் ஒன்றே என்பது இதனாற் புலனாகும்.

ஈழத்தில் மங்களநாயகம் தம்பையா 1914இல் வெளியிட்ட நொறுங்குண்ட இருதயம், மணவாழ்வில் துயருறும் பெண்ணின் உள்ளத்தை முன்னிறுத்தியது. செ. கணேசலிங்கன் 1966இல் எழுதிய சடங்கு, யாழ்ப்பாணத்து நடுத்தரக் குடும்பத்தின் திருமண ஏற்பாட்டையே கதைப்பொருளாகக் கொண்டது. இக்காலத்திற்குள் குலப்பெருமையோடு உத்தியோகப் பெருமையும் வந்து சேர்ந்திருந்தது. "கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்னும் யாழ்ப்பாணத்துப் பழமொழி மாப்பிள்ளை தேடுவோர்க்கு மந்திரமாயிற்று. காணி சிறிது, குடும்பம் பெரிது என்றிருந்த குடாநாட்டில், மாதச் சம்பளம் வாங்கும் மாப்பிள்ளையின் விலை ஏறியது வியப்பன்று.

அந்நெருக்கடிக்கு ஒரு மாற்றாகவே கிளிநொச்சி எழுந்தது. கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளம் கட்டும் வேலை 1902இல் தொடங்கிற்று. 1905இல் யாழ்ப்பாணம்வரை முடிந்த புகையிரதப் பாதை இப்பகுதியை ஊடறுத்துச் சென்றது. குடாநாட்டின் மக்கள் நெருக்கத்தையும் வேலையின்மையையும் தணிக்கும் பொருட்டு 1936இல் இங்கே குடியேற்றம் நிறுவப்பட்டது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் வழங்கப்படும் நிலத்தைக் குடியேற்றவாசி தன் விருப்பப்படி விற்றலோ, ஈடுவைத்தலோ, துண்டுதுண்டாகப் பிரித்தலோ கூடாது. இவ்வாறு பெற்ற வயலை மூன்று மகளிர்க்கும் மூன்று துண்டாக்கிச் சீதனமெழுதும் பழைய வழி அடைபட்டது. ஆயினும் பெண்ணின் நிலை அதனால் உயர்ந்துவிடவில்லை. உடையவர் தமக்குப்பின் உரியவரைப் பெயர்குறித்து நியமியாவிடின், நெடுங்காலம் மகளிர்க்கு முன் ஆண்மக்களே உரிமை பெற்றனர். சீதனக் காணியும் இல்லை, பின்னுரிமையும் உறுதியில்லை என்னும் நிலையிற் பலர் நின்றனர்.

இம்மண்ணின் வாழ்வை நாவலாக்கியோருள் முதன்மையானவர் அ. பாலமனோகரன். அவருடைய நிலக்கிளி 1973இல் வீரகேசரி வெளியீடாக வந்தது. முல்லைத்தீவுப் பகுதியிலுள்ள தண்ணிமுறிப்பு கதையின் களம். ஊரிற் செல்வாக்குள்ள கோணாமலையரின் மகன் கதிராமன், ஏழைப்பெண் பதஞ்சலியை விரும்புகின்றான். தந்தையின் மறுப்பை மீறி அவளையே துணையாகக் கொள்கின்றான். இங்கேதான் வன்னிக் கதை குடாநாட்டுக் கதையினின்றும் வேறுபடுகின்றது. குடாநாட்டில் தந்தை கைவிட்ட மகனுக்கு உழுவதற்கு நிலமில்லை. வன்னியிலோ காடு இருந்தது. கையில் வலிமையும் இருந்தது. காட்டை வெட்டிப் புலமாக்கும் ஒருவன், தந்தையின் முதுசொத்தை எதிர்பாராது தன் மனைவியைத் தானே தெரிந்துகொள்ள இயலும்.

ஆயினும், வன்னியில் மணக் கௌரவம் இல்லையென்று இதனால் முடிவு செய்தல் பொருந்தாது. கோணாமலையரும் வன்னியின் மைந்தரே. புதுக்காட்டை வெட்டி வயலாக்கியவன் தானே பெரிய மனிதனானதும், தன் மகனின் மணத்தில் அதே தகுதியைப் பார்க்கத் தொடங்குகின்றான். நிலம் விடுதலைக்கு வழி திறந்தது. ஆனால் அவ்வழியே போன முதல் தலைமுறை அடுத்த தலைமுறைக்கு அதனை அடைக்க முற்பட்டது. மேலும், கதிராமனுக்குத் திறந்த வழி பதஞ்சலிக்குத் தனியே திறந்ததன்று. காடு வெட்டிப் புலங்காணும் உரிமை ஆணின் கையிலேயே இருந்தது.

1984இல் கிளிநொச்சி தனி மாவட்டமாயிற்று. போர் குடிகளைப் பலமுறை பெயர்த்தது. 2009இல் போர் முடிந்தபின் மக்கள் மீண்டுவந்து வீடும் வயலும் புதிதாகத் தொடங்கினர். இதற்கிடையே உத்தியோக மாப்பிள்ளையின் இடத்தில் வெளிநாட்டு மாப்பிள்ளை வந்து அமர்ந்தார். பெருமையின் உடை மாறிற்று. பெண்ணை வைத்துப் பெருமை அளக்கும் வழக்கம் எஞ்சிநின்றது. மதுரையிலிருந்து வந்த அரசிளங்குமரி முதல் தண்ணிமுறிப்புப் பதஞ்சலி வரை, மணத்தாற் குடும்பம் பெறும் பெயர் யாது என்றே ஊர் கேட்டுவந்துள்ளது. அம்மணத்தால் பெண் பெறும் வாழ்வு யாது என்று கேட்கத் துணிந்தது நாவல். அக்கேள்விக்கு இன்னும் விடை வேண்டியிருப்பதனாலேயே அந்நூல்கள் இன்றும் படிக்கத் தகுந்தவையாகின்றன.