ஆறு மாத விருந்தாளி

திருவண்ணாமலை ரமணாசிரமத்துக்கு வந்த வெளிநாட்டவர் சிலர் திரும்பிப் போகவே இல்லை. ஆங்கிலேய ராணுவ அதிகாரியான மேஜர் சாட்விக் 1935 நவம்பரில் வந்தார். 1962இல் கண்ணை மூடும்வரை இதுவே அவர் ஊர். சில வாரங்கள் இருக்கலாமென்று வந்து ஆயுசு முழுக்கத் தங்கிவிடுவது ஆசிரமம் இருக்கும் செங்கம் சாலைக்குப் பழகிய கதை. அவர்கள் ஓட்டிவரும் வண்டிக்கு மட்டும் அந்தச் சலுகை கிடைத்ததில்லை. வெளிநாட்டில் பதிவான காரிடம் சட்டம் முதலில் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: எப்போது திரும்பிப் போவாய்?

தொடக்கத்தில் இந்தக் கேள்விக்கு இங்கே வேலை இருக்கவில்லை. விழுப்புரம்–காட்பாடி ரயிலில் வந்து இறங்கி, ஊரைத் தாண்டி மலையடிவாரம்வரை மாட்டு வண்டியிலோ குதிரை வண்டியிலோ போவதுதான் அன்றைய வழக்கம். 1938இல் எழுத்தாளர் சாமர்செட் மாம் சென்னையிலிருந்து காரில் வந்தார் என்பதே அந்நாளில் குறிப்பிடத்தக்க செய்தி. ஆனால் ஐரோப்பாவில் அதற்குள் கார்கள் எல்லை தாண்டத் தொடங்கி முப்பது வருடம் ஆகியிருந்தது. ஒவ்வொரு எல்லையிலும் வண்டியைப் புதிதாகச் சோதிப்பதா என்ற சிக்கலுக்கு 1909இல் பாரிஸில் ஓர் உடன்பாடு எழுதினார்கள். சொந்த நாட்டில் ஒருமுறை சோதித்துச் சான்றிதழ் தந்துவிட்டால், ஓராண்டுக்கு மற்ற நாடுகளும் அதை ஏற்றுக்கொள்ளும். 1926இலும் 1949இலும் இதே ஏற்பாட்டைத் திருத்தி விரித்தார்கள். 1949இன் ஜெனீவா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையை இந்தியா 1962இல் உறுதிசெய்தது. முன்பின் அறியாத நாட்டு அதிகாரியின் கையெழுத்தை நம்பி வண்டியை விடுவது சின்ன விஷயமல்ல. இருபதாம் நூற்றாண்டின் நல்ல ஏற்பாடுகளில் இதையும் சேர்க்கத் தோன்றுகிறது.

வண்டி ஓடுமா என்ற கவலை இப்படித் தீர்ந்தது. வரி என்ற கவலை தீரவில்லை. கொண்டுவந்த காரை இங்கேயே விற்றுவிட்டுப் போனால் சுங்க வரி என்னாவது? இதற்குப் பதிலாக வந்ததுதான் ‘கார்னே’ என்ற சிறு புத்தகம். அதன் ஒவ்வொரு தாளும் மூன்று துண்டு. வண்டி உள்ளே வரும்போது சுங்க அதிகாரி ஒரு துண்டைக் கிழித்துக்கொள்வார். வெளியே போகும்போது அடுத்ததை. இரண்டுக்கும் முத்திரை விழுந்த அடித்துண்டு உரிமையாளரிடம் இருக்கும். வண்டி குறித்த காலத்தில் வெளியேறாவிட்டால், வரியைக் கட்டும் பொறுப்பு புத்தகத்தைக் கொடுத்த மோட்டார் சங்கத்துடையது. அதனால் சங்கம் உரிமையாளரிடம் முன்கூட்டியே ஈட்டுத்தொகை வாங்கிக்கொள்ளும். போகிற நாட்டில் வரி அதிகமென்றால் ஈடும் அதிகம். இந்தியா வரும் பயணிகள் காலங்காலமாகச் சொல்லும் குறை இதுதான். 1954இல் நியூயார்க்கில் உருவான சுங்க உடன்படிக்கை இந்த முறையை உலகப் பொதுவாக்கியது. இந்தியா அதிலும் சேர்ந்தது. கார்னேயில் வரும் வண்டிக்கு இங்கே கிடைப்பது ஆறு மாதம்.

இந்த ஏற்பாட்டை நம்பித்தான் ஐரோப்பாவிலிருந்து தரைவழிப் பயணம் பெருகியது. 1957 ஏப்ரலில் லண்டனில் கிளம்பிய ‘இந்தியாமேன்’ பேருந்து ஜூனில் கல்கத்தா வந்து சேர்ந்தது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் ஃபோக்ஸ்வேகன் வேன்களும் பழைய பேருந்துகளும் துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியே வந்தன. அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினர் தெற்கே இறங்கிப் புதுச்சேரிக்கும் திருவண்ணாமலைக்கும் வந்தார்கள். 1979இல் ஈரானில் புரட்சி. அதே ஆண்டின் கடைசியில் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை. பாதை அடைபட்டது. அதன்பிறகு வண்டியைக் கப்பலில் ஏற்றி அனுப்புவதும் பலருக்கு வழியாயிற்று.

சரி, ஆறு மாதத்தில் போக மனமில்லை, வண்டியும் இங்கேயே இருக்கட்டும் என்றால்? அங்கே சட்டத்தின் முகம் மாறிவிடுகிறது. இடப்பக்க ஸ்டியரிங் கொண்ட ஜெர்மன் வேன் விருந்தாளியாக மலையைச் சுற்றி வரலாம். 1988 மோட்டார் வாகனச் சட்டம் அப்படிப்பட்ட வண்டிக்குக் கேட்பது சரியாக இயங்கும் சிக்னல் கருவியைத்தான். ஆனால் அதே வேன் டி.என். 25 என்று தொடங்கும் திருவண்ணாமலை எண்ணைப் பெற முடியாது. நிரந்தரமாக இறக்குமதியாகும் கார் வலப்பக்க ஸ்டியரிங் உடையதாக இருக்க வேண்டும். பழைய கார் என்றால் வயது மூன்று ஆண்டைத் தாண்டக்கூடாது, இன்னும் ஐந்தாண்டு ஓடும் தகுதிக்குச் சான்று வேண்டும், மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டும். இவ்வளவும் தேறினாலும் வரி நிற்கிறது: பழைய காருக்கு அடிப்படைச் சுங்கம் மட்டுமே பல ஆண்டுகள் 125 சதவீதமாக இருந்தது. காரின் விலையைவிட வரி அதிகம் என்றால், பாதுகாப்பைவிட உள்நாட்டுத் தொழிலையும் கஜானாவையும் காப்பதே நோக்கம் என்று சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

அவ்வளவு பெரிய வரி இருக்கும் இடத்தில் சான்றிதழ்களின் மீதே சண்டை வருவது இயல்பு. தமிழ்நாட்டில் இதற்கு இரண்டு பெரிய வழக்குகள் உண்டு. 1994இல் லண்டனிலிருந்து வந்த ஒரு லெக்சஸ் காரை 1993ஆம் ஆண்டின் பழைய வண்டி என்று ஆவணம் காட்டி வரி ஏய்த்ததாக அரசியல் பிரமுகர் ம. நடராசன் உள்ளிட்டோர் மீது சி.பி.ஐ. வழக்குத் தொடுத்தது. 2010இல் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. வழக்கு முழுக்கச் சுழன்றது காரின் வயதைச் சுற்றித்தான். இரண்டாவது, நடிகர் விஜய் இங்கிலாந்திலிருந்து தருவித்த ரோல்ஸ்-ராய்ஸ். சுங்கம் கட்டிய பிறகும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவு நின்றது. மாநிலத்தின் 1990ஆம் ஆண்டு நுழைவு வரிச் சட்டப்படி வணிகவரித் துறையின் தடையின்மைச் சான்று இல்லை என்பது காரணம். 2012இல் போட்ட மனுவை 2021 ஜூலையில் தனி நீதிபதி ஒரு லட்சம் ரூபாய் அபராதத்துடன் தள்ளுபடி செய்தார். அப்போது அவர் சொன்ன கடுமையான கருத்துகளை 2022 ஜனவரியில் இரு நீதிபதிகள் அமர்வு நீக்கியது.

நிறுவனங்களுக்குக் கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. ஐரோப்பாவிலோ ஜப்பானிலோ சான்று பெற்ற கார்களை, ஆண்டுக்கு 2,500 வரை இங்கே மறுபடி சோதிக்காமலே கொண்டுவரலாம் என்று 2018இல் மத்திய அரசு விதியைத் தளர்த்தியது. அது தயாரிப்பாளருக்கும் அவரது அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிக்கும் உரியது. தன் ஒரே காரோடு வந்து நிற்கும் தனியாளுக்கு அதில் இடமில்லை. அந்தச் சான்றை 2,500 கார்களுக்கு நம்பலாம், ஒரு காருக்கு நம்பக்கூடாது என்பதில் நியாயம் தெரியவில்லை.

விருந்தாளி வண்டிகளுக்கோ 2022இல் தனி விதிகளே வந்துவிட்டன. பதிவுச் சான்று, ஓட்டுநர் உரிமம், காப்பீடு, புகைச் சான்று ஆகியவை கையில் இருக்க வேண்டும். வேறு மொழியில் இருந்தால் அதிகாரம் பெற்ற ஆங்கில மொழிபெயர்ப்பு தேவை. உள்ளூர் ஆட்களையோ சரக்கையோ ஏற்றிப் பிழைப்பு நடத்தக்கூடாது.

ஆசிரமத்தைச் சுற்றி நீண்ட காலம் தங்குவோர் பெரும்பாலும் இந்தத் தலைவலிக்கே போவதில்லை. இங்கேயே ஸ்கூட்டரோ பைக்கோ பார்த்துக்கொள்கிறார்கள். அவர்களில் யாராவது ஒரு புல்லட்டின் மேல் ஆசைப்பட்டு ஊருக்கு அனுப்ப நினைத்தால், இதே கதை திசை மாறித் தொடங்கும். 1977 முதல் சென்னை என்ஃபீல்டு ஆலை பிரிட்டனுக்கும் ஐரோப்பாவுக்கும் முறைப்படி புல்லட்டுகளை ஏற்றுமதி செய்துவந்தது. ஆனால் இந்தியச் சந்தைக்கென்று செய்த வண்டிக்கு ஏற்றுமதி வண்டிகளின் சான்று ஒட்டாது. ஜெர்மனியில் ஒற்றை வண்டிக்கான முழுச் சோதனையைக் கடக்க வேண்டும். அமெரிக்காவிலோ, அந்நாட்டுப் பாதுகாப்பு விதிப்படி செய்யாத வண்டி தடையின்றி நுழைய இருபத்தைந்து வயது ஆகியிருக்க வேண்டும்.