ஃபர்னஸ் பலகையின் ஆறு எழுத்துகள்: ஒரு விளக்கவுரை

மூலம்: ஆர் – டபிள்யூ – சி – ஒய் – ஜி – ஓ/பி

முன்னுரை

டொரன்டோ, மார்க்கம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களின் வீடுகளில் பேஸ்மென்டில் ஒரு கேஸ் ஃபர்னஸ் இருப்பது வழக்கம். அதன் கதவைக் கழற்றினால் ஒரு சர்க்யூட் போர்டு தெரியும். போர்டின் ஓரத்தில் வரிசையாகத் திருகுகள், ஒவ்வொன்றின் அருகிலும் ஓர் எழுத்து. மேலே சுவரிலுள்ள தெர்மோஸ்டாட்டின் பின்தட்டிலும் இதே எழுத்துகள்தான். ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் வாங்குபவர்கள் செயலியையும் திரையையும் விலையையும் ஒப்பிடுகிறார்கள். ஆனால் எது தம் வீட்டுக்குப் பொருந்தும் என்பதை இந்த எழுத்துகளே முதலில் முடிவுசெய்கின்றன. அதனால் படித்துவிட்டு வாங்குவதே முறை.

1. ஆர்

பொருள்: மின்சாரம் புறப்படும் முனை.

விளக்கம்: ஃபர்னஸுக்குள் ஒரு சிறிய டிரான்ஸ்ஃபார்மர் 120 வோல்ட்டை 24 வோல்ட்டாகக் குறைக்கிறது. அந்த 24 வோல்ட் தெர்மோஸ்டாட்டுக்கு ஏறி வருவது ஆர் வழியாகத்தான். சில கருவிகளில் ஆர்ஹெச், ஆர்சி என இரண்டு முனைகள் இருக்கும்: முன்னது சூட்டுக்கு, பின்னது ஏசிக்கு. ஒரே டிரான்ஸ்ஃபார்மர் உள்ள வீட்டில் இரண்டையும் ஒரு துண்டு வயரால் இணைக்க வேண்டும். பல புதிய கருவிகள் தாமே உள்ளே இணைத்துக்கொள்ளும். இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்கள் இருந்தால் இணைக்கவே கூடாது.

24 வோல்ட்தானே என்று ஃபர்னஸின் சுவிட்சை அணைக்காமல் வேலை தொடங்குவது தவறு. ஆர் வயர் சி வயரைத் தொட்ட நொடியில் போர்டிலுள்ள 3 அல்லது 5 ஆம்பியர் ஃபியூஸ் போய்விடும். ஃபியூஸ் இல்லாத பழைய ஃபர்னஸில் டிரான்ஸ்ஃபார்மரே எரியக்கூடும். ஜனவரி இரவில் அது சிறிய இழப்பல்ல.

2. டபிள்யூ

பொருள்: சூடு கேட்கும் முனை.

விளக்கம்: மூலத்தின் உயிர் இங்கே இருக்கிறது. ஆரையும் டபிள்யூவையும் சேர்த்தால் ஃபர்னஸ் எரியும், பிரித்தால் அணையும். ஹனிவெல் 1953-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த வட்டத் தெர்மோஸ்டாட்டைப் பலர் பழைய வீடுகளில் பார்த்திருப்பார்கள். அந்த வகைக் கருவிகளில் அறை குளிர்ந்தால் ஈருலோகச் சுருள் அசையும். கண்ணாடிக் குமிழிலுள்ள பாதரசம் சாய்ந்து தொடுப்பை உண்டாக்கும். இன்று அதே வேலையை ஒரு ரிலே செய்கிறது. கருவி எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் கடைசியில் அது செய்வது இந்தச் சேர்ப்பும் பிரிப்பும்தான்.

இதிலிருந்து ஒரு சோதனை கிடைக்கிறது. வீடு சூடாகவில்லையென்றால், மின்சாரத்தை அணைத்து, தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, ஆர் வயரையும் டபிள்யூ வயரையும் சேர்த்துவிட்டு மின்சாரத்தை மீண்டும் போடுங்கள். ஃபர்னஸ் எரிந்தால் கோளாறு தெர்மோஸ்டாட்டில். எரியாவிட்டால் வயரிலோ ஃபர்னஸிலோ. ஃபர்னஸின் உள்வேலைக்கு உரிமம் பெற்ற கேஸ் தொழில்நுட்பரைத்தான் அழைக்க வேண்டும். இரண்டு நிலைகளில் எரியும் ஃபர்னஸில் டபிள்யூ2 என்ற முனையும் உண்டு. அதைத் தாங்கும் தெர்மோஸ்டாட் வாங்கினால்தான் இரண்டாம் நிலையைத் தனியே இயக்க முடியும்.

3. சி

பொருள்: மின்சாரம் திரும்பும் பொது முனை.

விளக்கம்: பழைய தெர்மோஸ்டாட் வெறும் சுவிட்ச், இரண்டு வயர் போதும். வைஃபையும் திரையும் உள்ள கருவிக்கோ இருபத்துநான்கு மணி நேரமும் மின்சாரம் வேண்டும். ஆர் கொடுப்பது சி வழியே திரும்பினால்தான் சுற்று முழுமையாகும். சி இல்லாத வீட்டில் சில கருவிகள் ஃபர்னஸ் ஓயும் நேரத்தில் டபிள்யூ, ஒய் வழியாகச் சிறிது மின்சாரத்தை உறிஞ்சும். சில போர்டுகள் இதைப் பொறுத்துக்கொள்ளும். வேறு சிலவற்றில் ரிலே படபடக்கும், அல்லது கருவியின் பேட்டரி தேய்ந்து வைஃபை அறுந்துபோகும்.

வழிகள் நான்கு. முதலாவது, பின்தட்டுக்குப் பின்னே சுருட்டி வைத்த உபரி வயர் இருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால் இரு முனையிலும் இணைக்க வேண்டும். பேஸ்மென்ட் முனையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இரண்டாவது, ஃபர்னஸ் போர்டில் பொருத்தும் துணைக்கருவி. 2007-இல் டொரன்டோவில் தொடங்கிய எக்கோபீ நிறுவனம் தன் சில மாடல்களோடு இதைத் தருகிறது. நான்கு வயரைக் கொண்டே ஐந்து வயரின் வேலை நடக்கும். மூன்றாவது, 18 கேஜில் புதிய கேபிள் இழுப்பது. இழுக்கும்போதே எட்டு வயர் உள்ளதை இழுத்தால் பிற்காலத்துக்கும் உதவும். நான்காவது, ஸிக்பீ அல்லது ஸீ-வேவ் எனும் கம்பியில்லா முறையில் பேசும், பேட்டரியில் ஓடும் தெர்மோஸ்டாட். இது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் பேட்டரியில் ஓடும்போது மற்றக் கருவிகளின் சிக்னலைக் கடத்தித் தராது.

ஒரு குறிப்பு: சிவப்பு ஆர், வெள்ளை டபிள்யூ, நீலம் சி என்பது வழக்கமே தவிர விதியல்ல. கையில் கிடைத்த நிறத்தை மாட்டிவிட்டுப் போன வீடுகள் உண்டு. எந்த வயர் எந்த எழுத்தில் மாட்டியிருக்கிறது என்று இரு முனையிலும் படம் எடுத்த பிறகே கழற்றுங்கள்.

4. ஒய், ஜி

பொருள்: ஒய் கம்ப்ரஸருக்கு, ஜி விசிறிக்கு.

விளக்கம்: நின்ற கம்ப்ரஸரை உடனே கிளப்பினால் அது பழுதாகும். நல்ல தெர்மோஸ்டாட் சில நிமிட இடைவெளி விடும். சொந்தமாக ரிலே வைத்துத் தெர்மோஸ்டாட் கட்டுபவர்கள் அந்த இடைவெளியைத் தாமே எழுதிச் சேர்க்க வேண்டும். சி வயர் இல்லாத வீட்டில் ஜி வயரைச் சியாக மாற்றுவதும் உண்டு. அப்போது விசிறியைத் தனியே ஓட்டும் வசதி போய்விடும்.

5. ஓ/பி

பொருள்: ஹீட் பம்பின் திசைமாற்றும் வால்வு.

விளக்கம்: பெரும்பாலான நிறுவனங்கள் குளிரூட்டும்போது வால்வுக்கு மின்சாரம் தருகின்றன, அது ஓ. ரீம் போன்றவை சூடாக்கும்போது தருகின்றன, அது பி. அமைப்பைத் தலைகீழாக வைத்தால் சூடு கேட்கும் வீட்டுக்குக் குளிர் வரும். சில பழைய போர்டுகளில் பி என்பது பொது முனை. ஃபர்னஸின் வரைபடத்தைப் பார்க்காமல் மாட்டக் கூடாது.

6. எழுத்தே இல்லாத சுவர்

விளக்கம்: கியூபெக்கில் பரவலாக உள்ள மின்சார பேஸ்போர்டு ஹீட்டரில் எழுத்துகள் இரா, தடித்த வயர்கள் மட்டுமே வரும். அவற்றில் ஓடுவது பெரும்பாலும் 240 வோல்ட். மேலே சொன்ன 24 வோல்ட் கருவி எதையும் அங்கே மாட்டக் கூடாது, தீப்பிடிக்கும். அதற்கென்றே செய்த மைசா, சினோப்பே போன்றவற்றை வாங்கி, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு பொருத்துங்கள்.

தொகுப்புரை

எழுத்துகளைப் படித்தபின் மிஞ்சும் கேள்வி ஒன்றே: சூட்டை முடிவுசெய்வது யார்? 2025 அக்டோபர் 25-இல் கூகுள் முதலிரு தலைமுறை நெஸ்ட் தெர்மோஸ்டாட்களுக்கான ஆதரவை நிறுத்தியது. போனிலிருந்து இயக்கும் வசதி போயிற்று. சுவரில் கையால் திருப்பும் வசதி மட்டுமே எஞ்சியது. ஆகவே வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ளும் ஸீ-வேவ், ஸிக்பீ, மேட்டர் வகைகளை நாடுங்கள். தானியங்கி அமைப்பு இத்தனை டிகிரி என்று மட்டும் சொல்லட்டும்; ஆரையும் டபிள்யூவையும் சேர்க்கும் அதிகாரம் சுவரிலுள்ள தெர்மோஸ்டாட்டிடமே இருக்கட்டும். இணையம் அறுந்தாலும் குழாய்த் தண்ணீர் உறையக் கூடாது. செயலி தெரியாத அம்மம்மாவும் தன் கையால் சூட்டைக் கூட்ட முடிய வேண்டும். இந்த இரண்டுக்கும் இடந்தராத கருவி எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.