கோடரி வந்த வழி

ஆஸ்திரேலியாவின் வடக்கே, கேப் யார்க் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் கோல்மன் ஆறு கடலில் சேர்கிறது. வண்டல் பூமி. சல்லடை போட்டுத் தேடினாலும் கோடரிக்கு ஆகிற கல் கிடைக்காது. ஆனாலும் அங்கே வாழ்ந்த யிர் யோரோன்ட் மக்களிடம் கல்கோடரி இருந்தது. கல் வெட்டிய இடம் தெற்கே சுமார் 650 கிலோமீட்டர் தள்ளி.

அவ்வளவு தூரம் யாரும் நடந்துபோய் வாங்கி வரவில்லை. ஒவ்வொருவனுக்கும் பக்கத்துக் குழுவில் ஒரு கூட்டாளி, அவனுக்கு அடுத்த குழுவில் இன்னொருவன். கல் கைமாறிக் கைமாறி வடக்கே வந்தது. திருக்கை முள் பதித்த ஈட்டிகள் அதே கைகள் வழியாகத் தெற்கே போயின. இந்தக் கொடுக்கல் வாங்கலில் பெரும்பகுதி மழையில்லாத மாதங்களில், பல குழுக்கள் கூடும் சடங்கு விழாக்களில் நடந்தது. ஆடியில் அந்தியூர் குருநாதசாமி திருவிழாவோடு மாட்டுச் சந்தையும் கூடுகிறதே, அப்படி. கல்லுக்காக வந்தார்களா, சடங்குக்காக வந்தார்களா என்று பிரித்துக் கேட்டால் அவர்களுக்கே சிரிப்பு வந்திருக்கும்.

கல் கைக்கு வந்தபின் மரப்பிடியை அதைச் சுற்றி வளைத்து, பட்டையால் இறுகக் கட்டி, பிசின் வைத்து உறுதியாக்குவார்கள். செய்வதும் சொந்தம் கொண்டாடுவதும் ஆண்கள் மட்டுமே. ஆனால் அதை அதிகம் பிடித்தவை பெண்களின் கைகள். அடுப்புக்கு விறகு வேண்டுமே! கணவனிடம் கேட்டு வாங்க வேண்டும். அவன் இல்லையென்றால் அண்ணனிடம் அல்லது அப்பாவிடம். வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். தகுதிநிலை, பங்கு, நெறி என்று சமூகவியல் பாடநூல் மூன்று அத்தியாயமாக விரிப்பதெல்லாம் இந்த இரவலுக்குள் அடங்கியிருந்தது. யார் மூத்தவர், யார் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்று தனியாக எவரும் சொல்லித் தரவில்லை. கோடரி கேட்கும்போதெல்லாம் அது ஒருமுறை நினைவூட்டப்பட்டது. போதாததற்கு, ஒரு குலத்துக்குக் கல்கோடரியே குலக்குறி.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெற்கே மிட்செல் ஆற்றருகில் ஆங்கிலிக்கன் மிஷன் வந்தது. அதோடு இரும்புக் கோடரியும் வந்தது. மிஷனுக்குப் போகிறவர்களுக்கு, பெண்களுக்கும் சிறுவர்களுக்கும்கூட, அதைக் கொடுத்தார்கள். மிஷனை நம்பாமல் ஒதுங்கி நின்ற முதியவர்களுக்குக் கிடைக்கவில்லை. இப்போது அவர்கள் மனைவியிடமும் மகனிடமும் போய்க் கோடரி கேட்க வேண்டியதாயிற்று. கூட்டாளி உறவு தளர்ந்தது, விழாக்களின் ஈர்ப்பும் குறைந்தது. கல்கோடரிக்கு முன்னோர் கதை இருந்தது. இரும்புக்கு இல்லை, எந்தக் குலத்தோடு அதைச் சேர்ப்பது என்று தெரியவில்லை. வேலை சீக்கிரம் முடிந்தால் மிஞ்சும் நேரத்தில் இவர்கள் முன்னேறுவார்கள் என்று வெள்ளையர்கள் எதிர்பார்த்தார்கள். மிஞ்சிய நேரத்தில் மக்கள் தூங்கினார்கள். அதில் என்ன தப்பு?

1933 முதல் 1935 வரை அங்கே தங்கிய அமெரிக்க மானிடவியலாளர் லாரிஸ்டன் ஷார்ப் இதை 1952இல் ஒரு கட்டுரையாக எழுதினார். பொருள் முந்திக்கொள்ள, பழக்கமும் நம்பிக்கையும் பின்தங்கும் என்று சமூகவியலாளர் வில்லியம் ஆக்பர்ன் 1922இல் சொன்ன பண்பாட்டுப் பின்னடைவுக்கு இதைவிடத் தோதான சாட்சி ஏது? அதனாலேயே பல பாடநூல்களில் கட்டுரை இடம்பிடித்தது.

எனக்கு இதில் ஒரு குறை உண்டு. பாடநூலுக்குள் போன கதையில் கோடரி மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது. 1864இலேயே மாடு ஓட்டிவந்த ஜார்டின் சகோதரர்களின் கூட்டம் மிட்செல் ஆற்றங்கரையில் சுமார் முப்பது பேரைச் சுட்டுக் கொன்றதாக அவர்கள் தரப்பிலேயே பதிவு இருக்கிறது. எழுபது ஆண்டு கழித்து ஷார்ப் விசாரித்தபோது அந்தச் சண்டையை நினைவில் வைத்திருந்தவர் அங்கே யாருமில்லை. துப்பாக்கியும் மாட்டுப் பண்ணையும் சூழ்ந்த நிலத்தில்தான் இரும்புக் கோடரி வந்து இறங்கியது. பொருள் ஒரு சமூகத்தைத் தனியாகக் கலைப்பதில்லை. அதை யார், யாருக்கு, எந்த அதிகாரத்தில் நின்று கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

யிர் யோரோன்ட் வழிவந்தவர்கள் இன்று கோவன்யாமா, போர்ம்புராவ் ஊர்களில் வாழ்கிறார்கள். கோவன்யாமா மக்களின் பூர்வ நிலவுரிமைக் கோரிக்கையில் முதல் பகுதியை ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம் 2009இல் அங்கீகரித்தது.