பத்து நாள் பாஸ்போர்ட்டும் ரெண்டரை வருஷப் பூட்டும்

2020 ஜனவரி 30. இந்தியாவோட முதல் கொரோனா கேஸ் கேரளாவுல, திருச்சூர்ல உறுதியாச்சு. வுஹான்ல மருத்துவம் படிச்சிட்டு, லீவுக்கு ஊருக்கு வந்திருந்த ஒரு மாணவி. அடுத்த சில நாள்ல ஆலப்புழா, காசர்கோடுன்னு இன்னும் ரெண்டு பேர். அவங்களும் வுஹான்ல இருந்து வந்த மருத்துவ மாணவர்கள்தான். அதாவது இந்தியாவோட கொரோனா வரலாறு ஆரம்பிக்கிறதே சில மருத்துவ மாணவர்களோட பயணத்துல இருந்துதான்.

வுஹான் நகரம் ஜனவரி 23-ஆம் தேதியே பூட்டப்பட்டுடுச்சு. ஜனவரி கடைசியிலயும் பிப்ரவரி தொடக்கத்துலயும் ரெண்டு ஏர் இந்தியா விமானம் போய் 647 இந்தியர்களைக் கூட்டிட்டு வந்தது. நிறைய பேர் மாணவர்கள். மானேசர்ல ராணுவ முகாம், டெல்லி சாவ்லாவுல இன்னொரு முகாம், 14 நாள் தனிமை. இது வரைக்கும் நியூஸ்ல எல்லாரும் பார்த்தோம். அதுக்கப்புறம் அவங்களுக்கு என்ன ஆச்சுன்னு நியூஸ் பெருசா கண்டுக்கல. இந்த எபிசோட் அந்த 'அப்புறம்' பத்தி.

2020 மார்ச் 28. சீனா வெளிநாட்டுக்காரங்களுக்கு எல்லையை மூடுச்சு. கையில செல்லுபடியாகிற விசா இருந்தாலும் உள்ள போக முடியாது. அப்போ சீனாவுல படிச்சிட்டிருந்த இந்திய மாணவர்கள் சுமார் 23,000 பேர், பெரும்பாலானவங்க மருத்துவம். லீவுக்கு வந்தவங்க, பயந்து வந்தவங்க, விமானம் அனுப்பிக் கூட்டிட்டு வரப்பட்டவங்க, எல்லாரும் வீட்டுக்குள்ள மாட்டிக்கிட்டாங்க.

ஏன் சீனாவுக்குப் போகணும்னு கேக்கலாம். நியாயமான கேள்விதான். நம்ம விருதுநகர் மாவட்டத்தையே எடுத்துக்குவோம். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைன்னு நாட்டுக்கே பட்டாசு செஞ்சு அனுப்புற பூமி. ஆனா மாவட்டத்துல அரசு மருத்துவக் கல்லூரின்னு ஒண்ணு வந்ததே 2022-லதான். தமிழ்நாட்டுக்கு 2017-ல நீட் வந்தாச்சு. நீட்ல பாஸ் ஆகியும் அரசு சீட்டுக்கு மார்க் பத்தல, தனியார் கல்லூரி ஃபீஸுக்குக் காசு பத்தல, இந்த ரெண்டுக்கும் நடுவுல நிக்கிற குடும்பத்துக்கு சீனாவும் பிலிப்பைன்ஸும் உக்ரைனும்தான் வழி.

சரி, வீட்டுல இருந்தே ஆன்லைன் க்ளாஸ். இதுல ஒரு கூத்து இருக்கு. பல சீனக் கல்லூரிகள் அறிவிப்பு, க்ரூப், எல்லாத்தையும் வீசாட்லதான் நடத்துச்சு. 2020 ஜூன் 29-ல இந்திய அரசு தடை பண்ணின 59 ஆப்ல வீசாட்டும் ஒண்ணு. அந்தப் பக்கம் கதவைச் சாத்திட்டாங்க, இந்தப் பக்கம் ஜன்னலையும் சாத்தியாச்சு.

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றேன். என் வேலையில டெட்லாக்னு ஒண்ணு சொல்லுவோம். ரெண்டு புரோகிராம், ரெண்டும் தனித்தனியா சரியாத்தான் ஓடும். ஆனா இது முடியட்டும்னு அது காத்திருக்கும், அது முடியட்டும்னு இது காத்திருக்கும். ரெண்டும் நகராது. மாணவர்களுக்கு நடந்தது ஏறக்குறைய இதுதான். சீனா சொல்லுது: கொரோனா இருக்கு, வராதே. இந்தியாவோட தேசிய மருத்துவ ஆணையம் சொல்லுது: ஆன்லைன்லயே படிச்ச மருத்துவப் படிப்பை ஏத்துக்க மாட்டோம். ஒவ்வொண்ணையும் தனியா எடுத்துப் பார்த்தா ரெண்டு விதியிலயும் நியாயம் இருக்கு. ரெண்டையும் சேர்த்துப் படிச்சா, அந்த மாணவன் கால் வைக்கிறதுக்கு உலகத்துல இடமே இல்ல.

இந்தச் சண்டை கோர்ட்டுக்குப் போனது தமிழ்நாட்டுல இருந்துங்கிறது பலருக்குத் தெரியாது. சீனாவோட சிங்தாவ் பல்கலைக்கழகத்துல படிச்சு, கடைசிப் பகுதியை ஆன்லைன்ல முடிச்சு, வெளிநாட்டுல படிச்சவங்க எழுத வேண்டிய எஃப்.எம்.ஜி.ஈ. தேர்வையும் பாஸ் பண்ணினவங்க, தமிழ்நாடு மருத்துவ கவுன்சில்ல தற்காலிகப் பதிவு கேட்டாங்க. கிடைக்கல. சென்னை உயர் நீதிமன்றம் மாணவர்கள் பக்கம் நின்னுச்சு: கூடுதலாக் கொஞ்சம் பயிற்சி கொடுத்துப் பதிவு பண்ணுங்கன்னு சொல்லுச்சு. ஆணையம் உச்ச நீதிமன்றத்துக்குப் போச்சு. 2022 ஏப்ரல் 29-ல தீர்ப்பு. நேரடிப் பயிற்சி இல்லாம டாக்டர் ஆக முடியாது, ஆணையத்தோட கவலை சரிதான். ஆனா இந்த மாணவர்களை அப்படியே விட்டுடவும் கூடாது, ஒரு தடவைக்கான ஒரு திட்டத்தை ரெண்டு மாசத்துல போடுங்கன்னு.

இதுல கோர்ட் சொன்ன முதல் பாதியை நான் முழுசா ஒத்துக்கறேன். 2021 பிப்ரவரி 12 ஞாபகம் இருக்கா? வெம்பக்கோட்டைப் பக்கம் அச்சங்குளத்துல பட்டாசு ஆலை வெடிச்சு 20 பேருக்கு மேல இறந்தாங்க. தீக்காயத்தோட உயிர் தப்பினவங்களை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா தூக்கிட்டு ஓடினாங்க. வெந்து போன உடம்புல எந்த இடத்துல ஊசி குத்தி ட்ரிப்ஸ் ஏத்துறதுன்னு தேடுற வேலையை வீடியோ பார்த்துக் கத்துக்க முடியாது. பட்டாசு பெல்ட்டுல இதைத் தனியா விளக்க வேண்டியதில்ல.

என் கோவம் வேற இடத்துல. நேரடிப் பயிற்சிதான் முக்கியம்னா, அந்தப் பயிற்சிக்குப் போற வழியை ரெண்டரை வருஷம் மொத்தமா பூட்டி வைக்க வேண்டியிருந்ததா? இந்தக் கேள்விக்குப் பதில் தேட 120 வருஷம் பின்னாடி போகணும்.

1896-ல பம்பாய்ல பிளேக் வந்தது. 1897 பிப்ரவரியில தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. 2020-ல மாநிலங்கள் கையில எடுத்ததும் இதே சட்டத்தைத்தான். அதைக் கையில வெச்சுக்கிட்டு புனேயில வீடு புகுந்து சோதனை போட்டு, அந்த வெறுப்புல பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டது தனிக் கதை. சென்னை மாகாணம் வேற மாதிரி பண்ணுச்சு. இங்க சுகாதார ஆணையரா இருந்தவர் டபிள்யூ. ஜி. கிங். கிண்டியில இருக்கிற கிங் இன்ஸ்டிட்யூட் இவர் பேர்லதான். பிளேக் பாதிச்ச ஊர்ல இருந்து வர்றவனுக்கு ஒரு 'பிளேக் பாஸ்போர்ட்' கொடுப்பாங்க. ஊருக்குப் போ, ஆனா பத்து நாள் தினமும் அதிகாரி முன்னாடி போய் நின்னு, நல்லா இருக்கேன்னு காட்டு. தொல்லைதான், அதிகாரிங்க அதை எப்படிப் பயன்படுத்தியிருப்பாங்கன்னு யோசிச்சா இனிமையான ஏற்பாடு ஒண்ணும் இல்ல. நம்ம இ-பாஸோட கொள்ளுத் தாத்தான்னு வெச்சுக்கலாம். ஆனா அதோட அடிப்படை: ஆளை விடு, கண்காணி.

சீனாவும் கடைசியில அங்கதான் வந்து சேர்ந்தது. தென் கொரிய மாணவர்களுக்கு 2020 ஆகஸ்ட்லயே விசா கொடுக்க ஆரம்பிச்சிட்டாங்க. அதாவது வழி இருந்தது. எல்லாருக்கும் இல்ல, அவ்வளவுதான். இந்திய மாணவர்களுக்கு விசா திறந்தது 2022 ஆகஸ்ட் 24. அப்போ அங்க இருந்த விதி: ஏழு நாள் முகாம், மூணு நாள் வீடு. கூட்டிப் பாருங்க, பத்து.

2022 ஜனவரி 12-ல விருதுநகர் உட்பட 11 புது அரசு மருத்துவக் கல்லூரிகளைப் பிரதமர் காணொலி வழியா திறந்து வெச்சார். விருதுநகர்ல 150 சீட். ஒமிக்ரான் அலை, ராத்திரி ஊரடங்கு, ஞாயிறு முழு ஊரடங்கு எல்லாம் நடந்துட்டிருந்த வாரம் அது.

ஆணையத்தோட திட்டம் அதே வருஷம் ஜூலை 28-ல வந்தது. கடைசி வருஷம் திரும்பி வந்து, ஜூன் 30-க்குள்ள படிப்பை முடிச்சிருந்தா எஃப்.எம்.ஜி.ஈ. எழுதலாம். பாஸானா ஒரு வருஷம் பண்ண வேண்டிய ஹவுஸ் சர்ஜன் பயிற்சியை ரெண்டு வருஷம் பண்ணணும். கணக்குப் போடுவோம். 2016-ல பிளஸ் டூ முடிச்சு ரெண்டு பேர் சேர்றாங்க, ஒருத்தர் மதுரையில, ஒருத்தர் சீனாவுல. மதுரைக்காரர் அஞ்சரை வருஷப் படிப்பை 2022-ல முடிச்சு டாக்டர் ஆயிட்டார். சீனாக்காரர் 2022 டிசம்பர் பருவத்துல தேர்வு எழுதி, ஒரே தடவையில பாஸாகி, உடனே பயிற்சிக்கு இடமும் கிடைச்சா, 2025.