போதகரின் மகள்

மதம் மாறியவர்களின் கதைகளுக்கு ஒரு வாய்ப்பாடு இருக்கிறது. முன்பு இருட்டு, பின்பு வெளிச்சம். விட்டு வந்த மதத்தை எவ்வளவு பழிக்கிறார்களோ அவ்வளவுக்கு அவர்களுடைய புதிய நம்பிக்கை உறுதியானது என்று ஊரும் நம்புகிறது. தமிழ் படித்தவர்களுக்கு இது பழகிய வடிவம்தான். சமணத்தில் தருமசேனராகக் கற்றுத் தேர்ந்த திருநாவுக்கரசர், சைவத்துக்குத் திரும்பிய பின் பாடிய பதிகங்களில் அந்த நாள்களை நினைத்து மனம் வருந்துகிறார். அங்கே அவருக்குக் கல்வி தந்தவர்களுக்கு நன்றி சொல்ல அந்த வடிவத்தில் இடமில்லை.

இந்த வாய்ப்பாட்டுக்குள் அடங்காத ஒரு பெண்ணைப் பற்றி எழுத விரும்புகிறேன். ஆமினா வதூத் 1952-இல் அமெரிக்காவின் மேரிலேண்ட் மாநிலத்தில், பெதஸ்டாவில், ஒரு கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். அப்போது அவர் பெயர் மேரி டீஸ்லி. தந்தை மெதடிஸ்ட் போதகர். பென்சில்வேனியா பல்கலைக்கழக மாணவியாக இருந்தபோது, 1972-இல், அமெரிக்கர்கள் நன்றி தெரிவிக்கும் திருநாளாகக் கொண்டாடும் நாளில், கலிமா சொல்லி இஸ்லாத்தைத் தழுவினார். பிறகு அரபு மொழியும் இஸ்லாமியக் கல்வியும் பயின்று, 1988-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1992-இல் மலேசியாவில் வெளியான ‘குர்ஆனும் பெண்ணும்’ என்ற அவருடைய நூல், பெண்ணின் இடத்திலிருந்து குர்ஆனை வாசிக்கும் முயற்சிகளில் முதன்மையான ஒன்றாயிற்று.

இத்தனைக்குப் பிறகும் அவர் தந்தையை மறக்கவில்லை. இறைவனோடான உறவைத் தனக்கு முதலில் உணர்த்தியவராக அந்தப் போதகரையே அவர் நினைவுகூர்கிறார். தான் தேர்ந்துகொண்ட மார்க்கத்தில் முழு மனதுடன் நிற்கும் ஒருவர், தன் முதல் ஆசிரியர் வேறொரு மதத்தின் ஊழியர் என்பதை மறைக்காமல் சொல்கிறார்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். மதம் மாறிய ஆண், தேடிக் கண்டடைந்தவனாகப் பேசப்படுகிறான். மதம் மாறிய பெண்ணோ ஒரு தரப்புக்குப் பறிபோன மகள், மறுதரப்புக்கு வென்றெடுத்த பரிசு. அவள் யோசித்தாள், படித்தாள், முடிவெடுத்தாள் என்பது இரு தரப்பின் கணக்கிலும் வருவதில்லை. ஒரு தரப்பு அவள் திரும்பி வந்து அழ வேண்டும் என்கிறது. மற்றது அவள் பிறந்த வீட்டைத் தூற்ற வேண்டும் என்கிறது. தந்தைக்கு நன்றி சொல்லிக்கொண்டே தன் தொழுகை விரிப்பில் நிற்பவள் இரண்டையும் மறுக்கிறாள். கைமாறிய பொருளுக்கு நன்றி சொல்லத் தெரியாது.

அந்த நன்றி வெறும் பாசமல்ல, அவருடைய சிந்தனையிலும் வேலை செய்கிறது என்பது என் வாசிப்பு. வதூத்தின் வாதத்துக்கு அடிப்படை தவ்ஹீத், அதாவது இறைவன் ஒருவனே என்ற கோட்பாடு. எல்லோருக்கும் மேலானவன் இறைவன் மட்டுமே என்றால், பெண்ணுக்கு மேலாகத் தன்னை நிறுத்திக்கொள்ளும் ஆண் இறைவனுடைய இடத்தை எடுத்துக்கொள்கிறான். இந்த வாதம் முழுக்கக் குர்ஆனிலிருந்து எழுவது. மனிதர்கள் ஒரே ஆன்மாவிலிருந்து படைக்கப்பட்டார்கள் என்னும் 4-ஆம் அத்தியாயத்தின் முதல் வசனத்தை அவர் அழுத்திக் காட்டுகிறார். ஆனால் இறைவன் அநீதியானவனாக இருக்க முடியாது என்ற உறுதி, அவர் அரபு கற்பதற்கு முன்பே, அந்தப் போதகரின் வீட்டிலேயே வேர்விட்டிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அமெரிக்கக் கறுப்பினத் திருச்சபைகளின் வரலாறு இதைப் புரிந்துகொள்ள உதவும். அடிமைகளை வைத்திருந்தவர்களும் பைபிளைத்தான் காட்டினார்கள். அடிமைகளும் அதே பைபிளில், எகிப்திலிருந்து வெளியேறிய மக்களின் கதையில், தங்கள் விடுதலையை வாசித்தார்கள். வேதம் எசமானின் கையில் இருப்பதாலேயே அது எசமானுடையது ஆகிவிடாது என்பது அந்த மரபு தந்த பாடம்.

ஆகாரின் கதையில் இரு மரபுகளும் சந்திக்கின்றன. பிள்ளையோடு பாலைவனத்தில் விடப்பட்ட அடிமைப் பெண் அவள். கறுப்பினக் கிறிஸ்தவ இறையியலாளர் டெலோரஸ் வில்லியம்ஸ், 1993-இல் வெளியான தன் நூலில் அவளைக் கறுப்பினப் பெண்களின் முன்னோடியாக வாசித்தார். இஸ்லாத்தில் அவள் ஹாஜர். மக்காவில் ஸஃபா, மர்வா குன்றுகளுக்கு இடையே ஹஜ் பயணிகள் நடப்பது, தண்ணீர் தேடி அவள் ஓடிய ஓட்டத்தின் நினைவாக. அந்த ஓட்டத்தைச் சடங்காகப் போற்றும் சமூகம், அவளைப் போலத் தனியாகப் பிள்ளை வளர்க்கும் பெண்களைச் சட்டத்தில் கண்டுகொள்வதில்லையே என்று வதூத் கேட்கிறார். தானும் தனித்து நின்று பிள்ளைகளை வளர்த்தவர் அவர்.

அவர் விட்டு வந்த மரபு பெண்களுக்குச் சொர்க்கமாக இருந்ததில்லை. கறுப்பினத்தவரின் சுதந்திர மெதடிஸ்ட் திருச்சபையை நிறுவிய ரிச்சர்ட் ஆலன், பிரசங்கம் செய்ய அனுமதி கேட்ட ஜரீனா லீயை முதலில் மறுத்தவர்தான். பல ஆண்டுகள் கழித்து, 1819-இல்தான் அவர் ஒப்புக்கொண்டார். நன்றி சொல்வதற்கு அந்த வீடு குறையற்றதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

2005 மார்ச் 18, வெள்ளிக்கிழமை. நியூயார்க்கில் ஆண்களும் பெண்களுமாக நூற்றுக்கு மேற்பட்டோர் கூடிய ஜும்மா தொழுகைக்கு வதூத் இமாமாக நின்றார். பள்ளிவாசல்கள் இடம் தர மறுத்திருந்தன. இடம் தர முன்வந்த கலைக்கூடமும் வெடிகுண்டு மிரட்டலால் பின்வாங்கியது. கடைசியில் கதவு திறந்தது எபிஸ்கோப்பல் திருச்சபையின் புனித யோவான் பேராலய வளாகத்தில். அந்தத் திருச்சபையும் பெண்களைக் குருக்களாக ஏற்கச் சட்டம் இயற்றியது 1976-இல்தான்.

கிறிஸ்தவக் கூரையின் கீழ் தொழுததால் அது தொழுகையே அல்ல என்றவர்களும் உண்டு. நம் மாணவிகளில் பலர் நாளை சாதியையோ மதத்தையோ ஊரையோ கடக்கப்போகிறவர்கள். கடக்கும்போது, பின்னால் இருப்பதை எரித்துவிட்டு வா என்று யாராவது கட்டளையிடுவார்கள். அப்போது அவர்களுக்கு இந்தப் போதகரின் மகள் நினைவுக்கு வர வேண்டும் என்பது என் ஆசை.