மூன்று அலமாரிகளில் கிடந்த விடை

நான் படித்த தாவர நோயியல் பாடநூல்களில் ஃபைட்டோஅலெக்சினின் வரலாறு பெரும்பாலும் 1940-இல்தான் தொடங்குகிறது. கிருமி தாக்கிய பிறகு தாவரம் புதிதாக உண்டாக்கும் நச்சுப்பொருளுக்கு அந்தப் பெயர். வெங்காயத்தின் நிறத்தோலில் இருக்கும் பூஞ்சைக்கொல்லிப் பொருள்களைப் போல முன்கூட்டியே சேர்த்துவைத்தது அல்ல இது. கிருமி தொட்ட இடத்தில், தொட்ட பிறகே, உயிருள்ள செல்கள் தயாரிப்பது. இதை முதலில் கண்டவர்களாகப் பெர்லின்-டாலெம் அரசு உயிரியல் நிறுவனத்தின் கார்ல் ஓட்டோ முல்லரையும் ஹெர்மன் பேர்கரையும் சொல்வார்கள்.

எனக்கு ஐயத்தை எழுப்பியது ஒரு தலைப்பு. 1950-இல் சூரிச்சில் எர்ன்ஸ்ட் கோய்மன் குழு வெளியிட்ட கட்டுரை, ஆர்க்கிட்களில் தூண்டப்படும் தற்காப்பு எதிர்வினைகளைப் பற்றியது. உருளைக்கிழங்கில் தொடங்கிய கதைக்குள் ஆர்க்கிட் எப்படி வந்தது?

முதலில் 1940 கட்டுரையையே ஆற அமரப் படித்தேன். பெர்லின் நிறுவனத்தின் ஆய்வுத் தொடரில் 23-ஆம் தொகுதி, நாற்பது பக்கங்களுக்கு மேல். பின்பருவக் கருகல் நோய்தான் பொருள். நீலகிரியில் உருளை போடுபவர்கள் இன்றும் மழைக்காலத்தில் அஞ்சும் அதே நோய். மெக்சிகோவின் காட்டு உருளையோடு கலப்பினம் செய்து எதிர்ப்புத்திறன் ஏற்றிய ரகங்களை எடுத்துக்கொண்டார்கள். கிழங்கை வெட்டி, வெட்டுமுகத்தின் ஒரு பகுதியில் மட்டும், அந்த ரகத்தை வெல்ல முடியாத கிருமி வகையை இட்டார்கள். சற்றுக் காலம் விட்டு, அதை அழிக்கவல்ல வகையை முகம் முழுவதும் பரப்பினார்கள். முன்பு எதுவும் படாத பகுதியில் இரண்டாவது கிருமி தழைத்து வளர்ந்தது. வலுவற்ற கிருமி ஏற்கெனவே பட்டிருந்த பகுதியில் அதனால் வளர முடியவில்லை. தொடர்பே இல்லாத ஃபியூசேரியம் பூஞ்சைகூட அங்கே தடுமாறியது.

இதிலிருந்து அவர்கள் எடுத்த முடிவுகளை எண்ணும்போது இன்றும் வியப்பு அடங்கவில்லை. தடுப்பது ஒரு வேதிப்பொருள். அது உயிருள்ள செல்லில்தான் உண்டாகும். தாக்கப்பட்ட இடத்தையும் அதன் ஓரத்தையும் தாண்டாது. எந்தப் பூஞ்சையையும் தாக்கும். எல்லாவற்றிலும் கூர்மையானது கடைசி முடிவு. நோய்க்கு ஆளாகும் ரகத்திலும் இதே எதிர்வினை உண்டு, எதிர்த்து நிற்கும் ரகத்தில் அது விரைவாக நடக்கிறது, அவ்வளவே வேறுபாடு. மரபு வழியாக வருவது நஞ்சு அல்ல, கிருமியை உணர்ந்து எதிர்வினையாற்றும் வேகம். அந்தப் பொருளின் ஒரு துளியைக்கூடப் பிரித்தெடுக்காமல் இவ்வளவும் சொன்னார்கள்.

இனி ஆர்க்கிட். கோய்மன் குழு தொட்டுச் சென்ற இழையைப் பின்தொடர்ந்தால் பிரான்சின் நோயேல் பெர்னாரிடம் போய்ச் சேர்கிறோம். 1899-இல் மெலூனில் ராணுவச் சேவையில் இருந்தபோது, பக்கத்துக் காட்டில், இலைச்சருகின் அடியில் புதைந்த ஒரு ஆர்க்கிட் தண்டில் முளைத்த விதைகளைக் கண்டார். முளைத்த ஒவ்வொன்றிலும் பூஞ்சை இழை இருந்தது. தூசிபோன்ற ஆர்க்கிட் விதை முளைப்பதற்குப் பூஞ்சை வேண்டும் என்ற கண்டுபிடிப்பு அங்கே பிறந்தது. அதன்பின் அவரை வாட்டியது அடுத்த கேள்வி: வேருக்குள் நுழையும் பூஞ்சை ஏன் செடியை முழுவதும் தின்றுவிடுவதில்லை? ஏன் கிழங்குக்குள் மட்டும் நுழைவதில்லை?

விடை தேடி, பல்லி ஆர்க்கிட் என்று ஐரோப்பாவில் அழைக்கப்படும் செடியின் கிழங்கிலிருந்து ஒரு துண்டை அகாரில் வைத்து, சற்றுத் தள்ளிப் பூஞ்சையை வளர்த்தார். பூஞ்சை கிழங்கை நெருங்கும் முன்பே நின்றுவிட்டது. சூடேற்றிய துண்டுக்கு அந்த ஆற்றல் இல்லை. ஆர்க்கிட் கிழங்குகளின் பூஞ்சைக்கொல்லும் செயல் பற்றிய அந்தக் கட்டுரை 1911-இல் அச்சானது. அதே ஆண்டு ஜனவரியில் காசநோய் அவரைக் கொண்டுபோயிருந்தது. வயது 36.

பெர்னார் கண்டது கிழங்கில் முன்னமே இருந்த பொருளா, பூஞ்சை வந்தபின் உண்டானதா? இந்த வழக்கில் முடிச்சே இதுதான். அதை அவிழ்த்தவராக நான் கருதுவது பியேர் நோபேகூரை. பின்னாளில் தாவரத் திசு வளர்ப்பின் முன்னோடிகளுள் ஒருவராகப் புகழ்பெற்றவர். 1923-இல் கிழங்குத் துண்டுகளை உறைய வைத்துக் கொன்று பார்த்தார். முன்னமே இருந்த நஞ்சு என்றால் செத்த துண்டிலும் அது கசிந்திருக்க வேண்டும். செத்த துண்டு பூஞ்சையைத் தடுக்கவில்லை. ஆகவே பூஞ்சை வந்தபின் உயிருள்ள திசு உண்டாக்குவதே அந்தப் பொருள் என்றார். பெர்லினுக்கு 17 ஆண்டுகள் முன்பே அடிப்படைக் கருத்து சொல்லப்பட்டுவிட்டது! அத்தகைய ஆர்க்கிட் நஞ்சு ஒன்றை, ஆர்கினால் என்ற பெயரில், சூரிச் குழு 1950-களில் பிரித்தெடுத்தது.

இன்னொரு சுவடு ஜப்பானில் கிடைத்தது. 1943-இல், போர் நடுவே, கிஃபு வேளாண் கல்லூரியின் அறிக்கையில், கரும்அழுகல் கண்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கில் உண்டாகும் கசப்புப் பொருளை ஹியூரா பிரித்திருந்தார். வண்டு துளைத்த வள்ளிக்கிழங்கைத் தெரியாமல் கடித்தவர்களுக்கு அந்தக் கசப்பு தெரியும்; அதிலும் இதே பொருள் ஊறுகிறது. இப்போமியமரோன் என்று பின்னால் பெயர் பெற்றது. தாவரம் தாக்குதலுக்குப் பின் தயாரித்த பொருள் வேதியியலாளர் கையில் ஏற்கெனவே இருந்தது, அதைத் தற்காப்பு என்று படிக்க ஆள் இல்லை.

ஆர்க்கிட் கண்டுபிடிப்பு கூட்டுவாழ்வு ஆய்வில் பிரெஞ்சிலும், உருளை பயிர்ப்பெருக்கத்தில் ஜெர்மனிலும், வள்ளிக்கிழங்கு சேமிப்பு அழுகலில் ஜப்பானியத்திலும் அடங்கின. மூன்று அலமாரிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாமல் நின்றன என்றே எனக்குத் தோன்றுகிறது. பெர்னார் நட்பை ஆராய்ந்தவர் என்பதாலேயே பகையை ஆராய்ந்தவர்கள் அவரைத் தேடிப் போகவில்லை.

முல்லர் பின்னர் ஆஸ்திரேலியா சேர்ந்தார். 1958-இல் அவர் எழுதிய கட்டுரையில் முறை எளிமையாகிவிட்டது: பீன்ஸ் காயைப் பிளந்து, விதை நீக்கி, அந்தக் குழிகளில் பூஞ்சை வித்துகள் கலந்த நீரை விட்டார், பின்னர் அந்த நீரை எடுத்துச் சோதித்தார். நஞ்சு அதிலேயே ஊறியிருந்தது. அரைத்துப் பிழியத் தேவையில்லை. இதே வழியில் கான்பெராவின் குரூக்ஷாங்கும் பெரினும் பட்டாணிக் காயிலிருந்து 1960-இல் பிசாட்டினைப் பிரித்தார்கள். ஃபைட்டோஅலெக்சின் என்று தெரிந்தே தேடிய பொருள், பெர்லின் கட்டுரைக்கு 20 ஆண்டுகளுக்குப் பிறகு கையில் கிடைத்தது.

அவர்கள் காய்க்குள் விட்டது பீச் பழத்தை அழுகவைக்கும் பூஞ்சை. பட்டாணியின் சொந்த எதிரியை விடவில்லை. காரணத்தை 1962-இல் குரூக்ஷாங்கின் அடுத்த கட்டுரை விளக்குகிறது. 50 பூஞ்சைகளைப் பிசாட்டினில் வளர்த்துப் பார்த்தபோது, பட்டாணியை நோயில் தள்ளுபவை பெரும்பாலும் அதைத் தாங்கிக்கொண்டன. மற்றவற்றில் பெரும்பாலானவை ஒடுங்கின. தாங்கும் வழியை அமெரிக்காவில் ஹான்ஸ் வான் எட்டென் குழு கண்டது: நெக்ட்ரியா என்ற பட்டாணிப் பூஞ்சை ஒரு நொதியைக் கொண்டு பிசாட்டினின் மெத்தில் தொகுதியைக் கழற்றி நஞ்சின் வீரியத்தைக் குறைத்துவிடுகிறது. 1989-இல் அந்த நொதிக்கான மரபணுவை மக்காச்சோள இலைநோய்ப் பூஞ்சைக்குள் ஏற்றியபோது, அது பட்டாணியையும் தாக்கியது. நோய் உண்டாக்காத மட்குண்ணிப் பூஞ்சைக்கு அதே மரபணுவைக் கொடுத்தும் பலன் இல்லை. 1996-இல் நெக்ட்ரியாவிலேயே அந்த மரபணுவை முறித்துப் பார்த்தார்கள். பூஞ்சையின் வீரியம் கொஞ்சமே குறைந்தது.