மனுவும் தீர்ப்பும்: பைதான் தன்னைத் திருத்திக்கொண்ட கதை

பழைய பைதானில் 250/3 என்று கொடுத்தால் 83 என்றுதான் விடை வரும். மூன்று பாடத்தில் 250 மார்க் வாங்கிய பிள்ளையின் சராசரியில் மூன்றில் ஒரு மார்க்கைக் கணினி சத்தமில்லாமல் விழுங்கிவிடும். அதே 250-ஐ 250.0 என்று கொடுத்துப் பாருங்கள், 83.33 வரும். கணக்கு அதேதான், வகுத்தல் குறியும் அதேதான். உள்ளே போகும் எண்ணில் புள்ளி இருந்தால் ஒரு விடை, இல்லாவிட்டால் வேறு விடை.

நான் பாலிடெக்னிக்கில் பைதான் நடத்துகிறவன். இந்த வகுத்தல் சமாசாரத்தைத் திருத்த வேண்டும் என்று 2001-இல் எழுதி வைத்தார்கள். முழுதாகத் திருந்தியது 2008-இல் என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். தப்பு என்று தெரிந்த பிறகு ஏழு வருஷமா என்று கேட்பார்கள். அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லப் போனால், அந்த மொழிக்காரர்கள் சண்டை போடக் கற்றுக்கொண்ட சரித்திரத்தையே சொல்லவேண்டி வரும்.

பைதானைத் தொடங்கியவர் ஒரே ஆள். ஆம்ஸ்டர்டாமில் சி.டபிள்யூ.ஐ. என்ற கணித, கணினியியல் ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்த்த கைடோ வான் ராசம், 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் அதை எழுத ஆரம்பித்தார். அதே நிறுவனத்தில் உருவான ஏ.பி.சி. என்ற கற்பித்தல் மொழியில் அவர் ஏற்கெனவே வேலை செய்திருந்தார். வரியை உள்தள்ளி எழுதும் வழக்கம் அங்கிருந்து வந்ததுதான். 1991 பிப்ரவரியில் முதல் பதிப்பு வெளியே போயிற்று. ஆட்கள் சேரச் சேர யோசனைகளும் குவிந்தன. எது வேண்டும், எது வேண்டாம் என்று சொல்லும் உரிமை கைடோவிடமே இருந்தது. 1995-இல் நண்பர்கள் அவருக்குக் கேலியாக ஒரு பட்டம் கட்டினார்கள்: ஆயுள்காலக் கருணைமிகு சர்வாதிகாரி. கேலி நிலைத்துப் பதவியே ஆகிவிட்டது.

யோசனைகள் கையை மீறிப் போன 2000-ஆம் ஆண்டில்தான் பெப் என்ற வழக்கம் வந்தது. மொழியில் எதையாவது மாற்ற விரும்புகிறவர் முறையாக ஒரு மனு எழுத வேண்டும். என்ன குறை, என்ன மாற்றம், பழைய புரோகிராம்களுக்கு என்ன ஆகும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். மனுவுக்கு ஒரு எண் கிடைக்கும். முதல் பெப், பெப் எழுதுவது எப்படி என்பதைச் சொல்வது. அதில் எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு: தன் யோசனைக்கு வந்த எதிர்ப்புகளையும் மனு எழுதுகிறவரே பதிந்து வைக்க வேண்டும். நிராகரித்த மனுவையும் கிழித்துப் போடுவதில்லை. காரணத்தோடு அதே எண்ணில் அப்படியே இருக்கும். ரோமன் எண்களைப் பைதானில் சேர்க்கச் சொல்லி 2003 ஏப்ரல் முதல் தேதி ஒருவர் எழுதிய 313-ஆம் பெப் கூட, நிராகரிக்கப்பட்டது என்ற முத்திரையோடு இன்றும் இருக்கிறது.

வகுத்தல் விஷயம் 238-ஆம் பெப். மோஷே ஸட்காவும் கைடோவும் எழுதியது. ராண்டி பாஷ் தலைமையில் ஆலிஸ் என்ற முப்பரிமாண மென்பொருளை உருவாக்கிய குழு, புதிதாகப் படிக்கிறவர்கள் பைதானில் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று கவனித்திருந்தது. பெரிய எழுத்து, சிறிய எழுத்துக் குழப்பம் ஒன்று. இந்த முழு எண் வகுத்தல் இன்னொன்று. குறையை யாரும் மறுக்கவில்லை. எதிர்த்தவர்களின் பயம் வேறு. பழைய புரோகிராம்களில் 7/2 என்பது 3 வரும் என்று நம்பி எழுதிய வரிகள் ஏராளம். விதியை மாற்றினால் அவை பிழைச்செய்தி காட்டி நிற்காது. வேறு விடையோடு அமைதியாக ஓடிக்கொண்டே இருக்கும். அதுதான் ஆபத்து. அதனால் 2001 டிசம்பரில் வந்த 2.2-ஆம் பதிப்பில் முழு எண் வகுத்தலுக்கென்று // என்ற தனிக் குறி கொடுத்தார்கள். வேண்டியவர் புது விதியைத் தன் ஃபைலுக்கு மட்டும் வரவழைத்துக்கொள்ளலாம் என்றார்கள். எல்லாருக்கும் அது விதியானது 2008 டிசம்பரில், 3.0 வந்தபோது. அந்த ஏழு வருஷமும் ஊருக்குக் கொடுத்த அவகாசம்.

இங்கே குறை எதுவென்று தெளிவாகத் தெரிந்ததால் சண்டை சீக்கிரம் அடங்கியது. எழுத்து வடிவம் எது அழகு என்று வரும்போதுதான் கதை நீளும்.

308-ஆம் பெப்பை எடுத்துக்கொள்வோம். நிபந்தனைக்கு ஏற்ப இரண்டு மதிப்பில் ஒன்றை எடுக்க ஒரே வரியில் வழி வேண்டும் என்று 2003-இல் கேட்டார்கள். அதுவரை ஆட்கள் ‘ஆண்ட்’, ‘ஆர்’ இரண்டையும் கோத்து ஒரு குறுக்கு வழி வைத்திருந்தார்கள். சலுகை உள்ள மாணவருக்குக் கட்டணம் 0, இல்லாதவருக்கு 500 என்று வைத்து, ‘சலுகை ஆண்ட் 0 ஆர் 500’ என்று எழுதுங்கள். பைதானுக்கு 0 என்பது பொய்க்குச் சமம். ஆகவே சலுகை உள்ள பிள்ளையும் 500 கட்ட வேண்டியதாகும். இப்படிப்பட்ட ஓட்டை இருந்தும், எந்த வடிவம் வேண்டும் என்று ஓட்டெடுத்தபோது பத்துக்கும் மேற்பட்ட வடிவங்களுக்கு ஓட்டு சிதறியது. எதற்கும் ஒருமித்த ஆதரவு இல்லை. சரி, ஒன்றும் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். இரண்டரை வருஷம் போயிற்று. குறுக்கு வழியால் வரும் பிழைகள் தொடர, 2005 செப்டம்பரில் கைடோ தானே ஒன்றைத் தேர்ந்தார்: ‘0 இஃப் சலுகை எல்ஸ் 500’. நிபந்தனையை நடுவில் வைக்கும் இந்த வடிவம் மற்ற மொழிக்காரர்களுக்கு விசித்திரமாகப் பட்டது. இன்று என் மாணவர்கள் அதை யோசிக்காமல் எழுதுகிறார்கள்.

2004-இல் டெக்கரேட்டர் சண்டை. ஒரு ஃபங்ஷனுக்குச் சிறப்புத் தன்மை கொடுக்க வேண்டுமானால் அதை முழுக்க எழுதி முடித்து, அடியில் இன்னொரு வரி சேர்க்க வேண்டியிருந்தது. நாற்பது வரி படித்த பிறகுதான் அது என்ன வகை என்றே தெரியவரும். தலைமாட்டிலேயே சொல்ல வழி வேண்டும் என்பதில் சண்டை இல்லை. எந்தக் குறி என்பதில்தான். @ குறியைச் சேர்த்ததும், அசிங்கமாக இருக்கிறது, பைதான் மாதிரியே இல்லை என்று கூச்சல் எழுந்தது. நீங்கள் எல்லாரும் சேர்ந்து ஒரே ஒரு மாற்று வடிவத்தில் உடன்பட்டு வந்தால் பரிசீலிக்கிறேன் என்றார் கைடோ. வியப்பு என்னவென்றால் அவர்கள் உடன்பட்டே வந்தார்கள். மனுவைப் படித்துவிட்டு, @ தான் இருக்கும் என்று கைடோ சொல்லிவிட்டார். 2004 நவம்பரில் வந்த 2.4-இல் அது நிலைத்தது.

சி மொழி படித்துவிட்டு வரும் பிள்ளைகள் வெகுகாலம் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “சார், இதுல ஸ்விட்ச் கேஸ் ஏன் இல்ல?” அதற்கும் எண் உண்டு: 3103. 2006-இல் கைடோவே எழுதியது. வடிவம் எப்படி, ஒப்பிடும் மதிப்புகளை எந்தக் கட்டத்தில் கணக்கிடுவது என்று கேள்விகள் கிளைவிட்டுப் போயின. 2007-இல் பைதான்காரர்கள் கூடும் பைகான் மாநாட்டு மேடையில் அவர் சபையைக் கேட்டுப் பார்த்தார். ஆதரவு இல்லை. தன் மனுவைத் தானே நிராகரித்து, காரணத்தையும் எழுதி வைத்தார்.

அதே 2007-இல் நமக்கும் சம்பந்தமுள்ள ஒரு விவாதம் நடந்தது. வேரியபிள் பெயர்களை ஆங்கில எழுத்தில்தான் வைக்க வேண்டுமா? மார்ட்டின் ஃபான் லோவிஸ் எழுதிய 3131-ஆம் பெப், பிற எழுத்துகளையும் அனுமதிக்கக் கேட்டது. மற்றவர் எழுதிய புரோகிராமைப் படிக்க முடியாமல் போகும், பார்க்க ஒன்றுபோல இருக்கும் வேற்றெழுத்துகளால் ஏமாற்றலாம் என்று எதிர்ப்பு வந்தது. தன் மொழியில் படிக்கும் குழந்தைக்கு இது உதவும் என்பது மறுபக்கம். அனுமதி கிடைத்தது. மொழியோடு கூட வரும் பொது நூலகத்தில் மட்டும் ஆங்கில எழுத்துத்தான் என்று எல்லை போட்டார்கள். ஆகவே பைதான் 3-இல் ‘கட்டணம்’ என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம். அதில் ஒரு நுணுக்கமும் உண்டு. ‘கொ’ என்பதில் வரும் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். பெயர்களில் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டுத்தான் பைதான் ஒப்பிடும். ஆனால் ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் கேட்டால் 5 என்கிறது. நமக்கு மூன்று எழுத்து. அதற்கு மெய்யேறிய ‘இ’ ஒரு குறி, புள்ளி ஒரு குறி.

சர்வாதிகாரியின் பொறுமை தீர்ந்தது 2018-இல், 572-ஆம் பெப்பில். கிறிஸ் ஏஞ்சலிகோ தொடங்கி, டிம் பீட்டர்ஸும் கைடோவும் உடன் எழுதிய மனு அது. ஒரு மதிப்பைக் கணக்கிட்டு, பெயரும் வைத்து, அதே இடத்தில் பயன்படுத்தவும் := என்ற குறியைக் கேட்டது. தந்தமுள்ள வால்ரஸ் என்ற கடல்விலங்கின் முகம்போல இருப்பதால் வால்ரஸ் என்று பெயராயிற்று. சி மொழியில் ஒப்பிடுவதற்கு == போட வேண்டிய இடத்தில் = போட்டு மாட்டிக்கொண்ட தலைமுறைக்கு, அந்தத் தொல்லை இங்கே இல்லை என்பதே பைதானில் பெரிய நிம்மதி. ஒரு வேலைக்கு நேரான வழி ஒன்று போதும் என்பது மொழியின் கொள்கை என்று எதிர்த்தரப்பு நினைவூட்டியது. அந்தக் கொள்கையை எழுதியவரே டிம் பீட்டர்ஸ்தான். அவர் வால்ரஸ் பக்கம் நின்றார். மாதக்கணக்கில் வாதம் நீண்டது, சொற்கள் தடித்தன. ஜூலையில் மனு ஏற்கப்பட்டது. ஜூலை 12 அன்று கைடோ பதவியைத் துறந்தார். ஒரு மனுவுக்காக இவ்வளவு போராடி, இத்தனை பேரின் வெறுப்பையும் சம்பாதிக்க இனித் தயாரில்லை என்பது அவர் சொன்ன காரணம். வாரிசு யாரையும் காட்டவில்லை. எப்படி நடத்துவதென்று நீங்களே முடிவு செய்யுங்கள் என்றார்.

அவர்கள் செய்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஆட்சி முறைக்கும் பெப் எழுதினார்கள். ஒற்றைத் தலைவர், மூவர் குழு, தலைவரே இல்லாத ஏற்பாடு என்று ஏழு மனுக்கள். 2018 டிசம்பரில், மொழியைப் பராமரிக்கும் மைய உறுப்பினர்கள் விருப்ப வரிசைப்படி ஓட்டுப் போட்டார்கள். நதானியேல் ஸ்மித்தும் டொனால்ட் ஸ்டஃப்டும் எழுதிய, ஐவர் கொண்ட வழிகாட்டும் குழு என்ற திட்டம் வென்றது. ஒவ்வொரு பெரிய பதிப்புக்குப் பிறகும் குழுவுக்கு மறுதேர்தல். ஒரே கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள் இரண்டு பேருக்கு மேல் கூடாது. 2019 தொடக்கத்தில் முதல் ஐவர் தேர்வானார்கள். கைடோவும் அதில் ஒருவர். அடுத்த தேர்தலுக்கு அவர் நிற்கவில்லை.

308-இல் ஓட்டுப் போட்டார்கள், சிதறியது. டெக்கரேட்டரில் ஊர் கூடி ஒன்றைக் கேட்டது, கிடைக்கவில்லை. ஸ்விட்சுக்கு மேடையிலிருந்தே கருத்துக் கேட்டார் கைடோ, விஷயமே நின்றுபோனது. குறியீட்டு வடிவத்துக்கு ஓட்டெடுத்து அவர்கள் உருப்படியாக ஒன்றும் காணவில்லை. தீர்ப்புச் சொல்பவர்களைத் தேர்ந்தெடுக்க ஓட்டெடுத்தபோது அது வேலை செய்தது. ரசனையில் நூறு பேர் ஒத்துப்போக முடியாது. யாருடைய தீர்ப்புக்குக் கட்டுப்படலாம் என்பதில் ஒத்துப்போகலாம். அதற்கும் மனுவும் எதிர்ப்பும் காரணமும் எழுத்தில் இருக்க வேண்டும். ஆள் மாறியும் முறை குலையாமல் இருந்தது அந்தக் காகிதங்களால்தான்.

முறை நிற்கிறதா என்பதற்கு ஒரு சோதனையும் வந்தது. மதிப்பின் வடிவத்தைப் பார்த்துக் கிளை பிரியும் ‘மேட்ச்’ அமைப்பைச் சேர்க்கக் கோரி 2020-இல் மனு வந்தது. எழுதியவர்களில் கைடோவும் ஒருவர். கிட்டத்தட்ட முப்பது வருஷம் தீர்ப்புச் சொன்ன மனிதர், இப்போது குழுவின் முன்னால் மனுதாரர். எதிர்ப்புகளுக்குப் பதில் சொல்லி, மனுவை மூன்றாகப் பிரித்து மறுபடி எழுதினார்கள். 2021-இல் குழு ஏற்றது. அந்த அக்டோபரில் 3.10-ஆம் பதிப்போடு பிள்ளைகள் கேட்ட ‘கேஸ்’ பைதானுக்கு வந்து சேர்ந்தது, அவர்கள் கேட்டதைவிடப் பெரிதாக.

என் மாணவர்களின் புராஜெக்ட் ரிப்போர்ட்டில் இப்போது ஒரு பக்கம் கூடுதலாகக் கேட்கிறேன்: யோசித்துக் கைவிட்ட வழிகள் என்னென்ன, ஏன் கைவிட்டீர்கள். முதலில் முணுமுணுக்கிறார்கள். வைவாவில் அதிகம் பேசுவது அந்தப் பக்கத்தைப் பற்றித்தான்.